பட்டுப்புழுவும் அம்மாவின் விரல்களும்

சென்ற ஆண்டு என் மகளுக்குத் திருமணம் நிச்சயமானது. சேலை எடுக்க எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது, "எனக்குப் பட்டு வேண்டாம்மா" என்றாள். செலவை நினைத்துச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். இல்லை. "ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான புழுவை உயிரோட வேக வைக்கிறாங்க. அதைக் கட்டிக்கிட்டு மணையில உட்கார என்னால முடியாது."

கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். உடனே எதுவும் சொல்லவில்லை. கீரையை முறத்தில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துப் பேத்தியிடம் காட்டினாள்.

"புழு பாவந்தான் கண்ணு. நான் இல்லேங்கல. அந்தத் தண்ணியிலதான் என் கையும் இருந்துச்சு."

மகள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். நானும் பேசவில்லை. இருவரில் யார் சொன்னது சரி என்று அன்று முடிவு செய்ய முடியவில்லை. இருவருமே சரி என்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் விரல்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவி அவள் விரலை ஏற்பதில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "ரேகையே இல்லையேம்மா" என்பார் கடைக்காரர். கர்நாடக எல்லையை ஒட்டிய ஊரில், பட்டு நூற்பு ஆலை ஒன்றில் பன்னிரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். ஆலை என்று பெயர்தான். தகரக் கொட்டகை, அடுப்பு, அதன் மேல் வெந்நீர்த் தொட்டி, பக்கத்தில் நூல் சுற்றும் சர்க்கா. சிறுமியாகச் சக்கரம் சுற்றினாள். கொஞ்சம் வளர்ந்ததும் தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

பட்டுக்கூடு என்பது ஒரே இழையால் ஆனது. புழு தன் வாயருகே உள்ள துளையிலிருந்து நூலை விட்டு, தலையை எட்டுப் போல ஆட்டி ஆட்டித் தன்னைச் சுற்றிலும் பின்னிக்கொள்கிறது. நல்ல கூட்டில் அந்த இழை சுமார் ஆயிரம் மீட்டர் வரை அறுபடாமல் போகும். அந்த இழைகளை ஒட்டிவைத்திருப்பது ஒரு பசை. சுடுநீர்தான் அதை இளக்கும். கூட்டை வெந்நீரில் போட்டு, கலக்கி, கண்ணுக்குத் தெரியாத அந்த முனையை விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். ஏழெட்டுக் கூட்டின் முனைகளைச் சேர்த்தால்தான் ஒரு நூல். ஒரு கூடு தீர்ந்ததும் அடுத்ததன் முனையைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். கண்ணும் விரலும் ஓயக்கூடாது. கரண்டியால் ஆகிற வேலையும் இல்லை. விரல்தான் வேண்டும். நாள் முழுக்க வெந்நீரில் ஊறிய தோல் வெளுத்து, வெடித்து, உரிந்து, மறுபடி வளர்ந்து, மறுபடி உரியும். ராத்திரி சோறு பிசைய முடியாமல் அம்மா கரண்டியால் சாப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. அவள் மேல் வெந்த புழுவின் வாடை எப்போதும் இருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவள் வருவது எனக்குக் கூச்சமாக இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது நினைத்தால் அந்தக் கூச்சத்துக்காகக் கூச்சமாக இருக்கிறது.

இது ஒரு கொட்டகையின் கதை மட்டும் அல்ல. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு என்ற மூன்று மாநிலங்களைப் பற்றியது அது. அதில் இருந்த குழந்தைகளின் கைகளைப் பற்றிய பகுதிகளைப் படித்தபோது அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதெல்லாம் எழுதினாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இனி அந்தப் புழுவைப் பற்றி.

மகள் சொன்ன பிறகுதான் நான் புழுவைப் பற்றித் தேடிப் படித்தேன். அதன் நூலில் வந்த கூலியில் சோறு தின்று, அந்தக் கூலியில் கல்லூரி வரை படித்தவள் நான். ஆனால் அதை ஓர் உயிராக ஒருநாளும் யோசித்ததில்லை.

சுமார் ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதர் வீட்டில் வளர்ந்துவரும் பூச்சி அது. முதலில் சீனாவில், பிறகு உலகெங்கும். முட்டையிலிருந்து வரும்போது எறும்பளவு இருக்கும். இருபத்தைந்து நாள் மல்பெரி இலையைத் தவிர வேறெதுவும் தின்னாது. நான்கு முறை தோலுரிக்கும். கூடு கட்டத் தயாராகும்போது பிறந்த எடையைப் போலப் பத்தாயிரம் மடங்கு ஆகியிருக்கும். கடைசி நாட்களில் புழு வளர்ப்பு மனைக்குள் நின்றால் ஓலைக்கூரையில் மழை பெய்வதுபோல ஓசை கேட்கும். ஆயிரக்கணக்கான வாய்கள் இலை அரைக்கிற சத்தம் அது. அந்த நாட்களில் புழு வளர்க்கும் வீட்டுப் பெண்களுக்குத் தூக்கம் கிடையாது. தழை அறுப்பது, சுமப்பது, போடுவது, கழிவை அள்ளுவது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் மாதவிலக்கு நாட்களில் புழு இருக்கும் அறைக்குள் வரக்கூடாது என்று விலக்கிவைத்த வீடுகள் எங்கள் ஊரில் இருந்தன. புழுவுக்கு ஆகாதாம்.

பழுத்த புழுவைச் சந்திரிகையில் விட்டால் இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடித்துவிடும். உள்ளே கூட்டுப்புழுவாக மாறும். விட்டுவைத்தால், ஒரு நீரைச் சுரந்து கூட்டின் ஒரு முனையை இளக்கிக்கொண்டு அந்துப்பூச்சி வெளியே வரும். வந்துவிட்டால் கூடு ஓட்டையாகிவிடும். ஒரே இழையாகப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே அது வருவதற்கு முன்பே ஆவியிலோ சூடான காற்றிலோ கொன்றுவிடுகிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். ஒரு கூட்டின் எடை இரண்டு கிராம்கூட வராது. அரைக் கிலோ பட்டுள்ள ஒரு சேலைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் கூடுகள். மகள் சொன்ன கணக்கு தப்பில்லை.

வெளியே வர விடுகிற பூச்சிகளின் கதையும் இருக்கிறது. முட்டை உற்பத்தி செய்யும் இடத்துக்கு வித்தகம் என்று பெயர். அங்கே பூச்சிகளை வெளிவர விடுவார்கள். அந்தப் பூச்சியால் தின்ன முடியாது, அதன் வாய் வளர்ச்சியற்றது. பறக்கவும் முடியாது. ஐயாயிரம் ஆண்டு வளர்ப்பில் சிறகு வெறும் அலங்காரமாகிவிட்டது. பெண் பூச்சி இருந்த இடத்திலேயே ஒரு மணத்தை வெளிவிடும். ஆண் தன் உணர்கொம்புகளால் அதை அறிந்து சிறகடித்தபடி நடந்து வரும். ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டனாண்ட் 1959-ல் அந்த மணத்தின் வேதிப்பொருளைக் கண்டறிந்தார். பூச்சியினம் ஒன்றின் பாலீர்ப்பு மணம் இன்னதென்று அறியப்பட்டது அதுவே முதல் முறை. அதற்காக ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளைப் பிரித்தெடுத்தார்கள்.

வித்தகத்தில் சில மணி நேரம் சேரவிட்டு, பிறகு கையால் பிரித்துவிடுவார்கள். ஆணைக் குளிரில் வைத்திருந்து மறுமுறையும் பயன்படுத்துவதுண்டு. பெண் பூச்சி முந்நூறு முதல் ஐந்நூறு வரை முட்டையிடும். இட்டு முடித்ததும் அந்தத் தாயை நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். பெப்ரின் என்ற நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகப் பரவும். அது இருக்கிறதா என்று அறிய லூயி பாஸ்டர் 1860-களில் கொண்டுவந்த முறை இது. தாயிடம் நோய் இருந்தால் முட்டைகளை அழிப்பார்கள். இல்லையென்றால் வைத்துக்கொள்வார்கள். எப்படியும் தாய் இல்லை.

இதைப் படித்த இரவு என் நோட்டில் ஒரு வரி எழுதினேன்: "இது நம் கதையேதான்." வீட்டுக்குள்ளேயே வளர்க்கப்பட்டவள், பறக்க மறக்கடிக்கப்பட்டவள், பிள்ளைப்பேறு முடிந்ததும் தேவையற்றுப் போனவள். கட்டுரையை அந்த வரியில் முடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. காலையில் படித்துப் பார்த்து அடித்துவிட்டேன்.

ஏன் அடித்தேன் என்று சொல்ல வேண்டும். பெண்களைப் பூச்சிகளோடு ஒப்பிடுவது புதிதல்ல. எறும்பைப் போலச் சேமி, தேனீயைப் போல உழை, விளக்கில் விழும் விட்டிலைப் போலக் கெட்டுப் போகாதே என்று நமக்குச் சொன்னவர்கள் யாரும் எறும்பையோ விட்டிலையோ பார்த்தவர்கள் இல்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஏற்கெனவே இருந்தது, பூச்சி ஒரு சாக்கு. நான் "இது நம் கதை" என்று எழுதியபோது செய்ததும் அதையேதான். பட்டுப்புழுவை என் துயரத்துக்கு உவமையாக்கிவிட்டால் பிறகு பட்டுப்புழுவைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அதற்கு நடப்பது எனக்கு நடப்பதன் படம், அவ்வளவுதான். பெண்களைத் தேசமாகவும் நதியாகவும் பூமியாகவும் ஆக்கியவர்களிடம் "நாங்கள் உவமை இல்லை, ஆட்கள்" என்று சொன்னவர்கள் நாம். அதே மரியாதையை ஒரு புழுவுக்குக் கொடுக்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

பூச்சியைப் பூச்சியாகவே பார்த்த ஒரு பெண்ணை இந்தத் தேடலில் அறிந்தேன். மரியா சிபில்லா மேரியன், 1647-ல் ஃபிராங்க்பர்ட்டில் பிறந்தவர். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. பதின்மூன்று வயதில் அவர் வீட்டில் பட்டுப்புழு வளர்த்து, முட்டையிலிருந்து பூச்சி வரை அதன் ஒவ்வொரு நிலையையும் பார்த்து வரையத் தொடங்கினார். 1679-ல் வெளியான அவரது புழுக்களைப் பற்றிய நூலின் முதல் படம் மல்பெரி இலையில் பட்டுப்புழு. பின்னாளில் கணவரைப் பிரிந்தார். ஆம்ஸ்டர்டாமில் ஓவியம் விற்றுப் பிழைத்தார். 1699-ல், 52 வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் குடியேற்றமான சுரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே பார்த்த பூச்சிகளை அவை உண்ணும் செடிகளோடு சேர்த்து வரைந்து 1705-ல் நூலாக்கினார்.

அந்த நூலில் ஒரு பக்கத்தில் இருப்பது மயில்கொன்றை. நம் பள்ளிக்கூட வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்குமே, அதே செடி. அதில் ஒரு புழுவும் பூச்சியும் வரைந்திருக்கிறார். பக்கத்தில் எழுதியிருப்பது வேறு. டச்சு எஜமானர்களிடம் அடிமைப்பட்டிருந்த பெண்கள் அந்தச் செடியின் விதையைக் கருக்கலைக்கப் பயன்படுத்துகிறார்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாக வேண்டாம் என்பதற்காக, இதை அவர்களே என்னிடம் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார்.

ஒரு பக்கத்தில் பூச்சியும் பெண்ணும். ஒன்று மற்றொன்றுக்கு உவமை ஆகவில்லை. இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. புழுவின் கால்களை எண்ணிப் பார்த்த அதே பொறுமையோடு அந்தப் பெண்கள் சொன்னதையும் கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன். மேரியன் புனிதர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் அவருக்கு வழி வெட்டிக் கொடுத்தவர்கள் அடிமைகள். திரும்பும்போது ஒரு பூர்வகுடிப் பெண்ணையும் ஆம்ஸ்டர்டாமுக்குக் கூட்டிப் போனார். உன்னிப்பாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கும் தங்கள் காலடியில் இருப்பது முழுதாகத் தெரிந்துவிடுவதில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் எனக்கு ஒன்றைக் காட்டியது: ஒரே கண்ணால் இரண்டையும் பார்க்க முடியும்.

நான் அதுவரை அப்படி நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், மகள் புழுவுக்காகப் பேசியபோது எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம். அன்று முழுதும் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன். உன் ஆயாவின் கையைக் கேட்காதவள் புழுவின் உயிரைக் கேட்கிறாயா? முதலில் மனிதர், பிறகு புழு.

அந்த "முதலில்" என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில் நாட்டு விடுதலை, பிறகு பெண் விடுதலை. முதலில் வர்க்கப் போராட்டம், பிறகு பாத்திரம் கழுவுவது யார் என்ற பேச்சு. முதலில் சாதி ஒழியட்டும், முதலில் குடும்பம் நிமிரட்டும். வரிசையில் நிற்கச் சொன்னவர்கள் யாரும் நம் முறை எப்போது வரும் என்று சொன்னதில்லை. நீதிக்கு வரிசை போடுகிறவர் எப்போதும் வரிசையின் முன்னால் நிற்பவராகவே இருக்கிறார். நானும் அம்மாவை முன்னால் நிறுத்தி, புழுவைப் பின்னால் தள்ளி, அதற்கு நியாயம் என்று பெயர் வைத்தேன். புழுவைப் பின்னால் தள்ளியதால் அம்மாவுக்கு ஒரு பைசா கூலி ஏறவில்லை.

பூச்சிக்கு வலிக்குமா என்ற கேள்வியும் முன்போல எளிதில் ஒதுக்கக்கூடியதாக இல்லை. லண்டனில் லார்ஸ் சிட்காவின் ஆய்வுக்குழு 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வண்டுத்தேனீக்கள் எந்த இனிப்பும் பரிசாகக் கிடைக்காதபோதும் சிறு மர உருண்டைகளைத் திரும்பத் திரும்ப உருட்டின. விளையாட்டு என்பதைத் தவிர வேறு பெயர் வைப்பது கடினம். தேனீ விளையாடினால் கூட்டுப்புழுவுக்கு வலிக்கும் என்று ஆகிவிடாது. ஆனால் "அதற்கு ஒன்றும் தெரியாது" என்று நிம்மதியாகச் சொல்லிவிட முடியாமல் போகிறது. "அவளுக்குப் பழகிவிட்டது, சூடு தெரியாது" என்று என் அம்மாவைப் பற்றியும் சொன்னார்கள்.

அதே வேளையில் மகளின் வழியும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. அகிம்சைப் பட்டு என்று ஒன்று இருக்கிறது. ஹைதராபாதில் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசும ராஜய்யா அதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். பூச்சி வெளியேறிய பிறகு ஓட்டைக் கூட்டிலிருந்து நூல் நூற்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் வெளியேறிய ஒவ்வொரு ஜோடியும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அத்தனை புழுவுக்கும் தழை போட யாராலும் முடியாது. போடாத புழு பட்டினியில் சாகும். வெளிவந்த பூச்சியும் சில நாளில் சாகும். அஸ்ஸாமின் எரிப் பட்டையும் அகிம்சைப் பட்டு என்று விற்கிறார்கள். அதன் கூட்டில் இயல்பாகவே வாசல் உண்டு. ஆனால் போடோ மக்களுக்கு அந்தக் கூட்டுப்புழு விருப்பமான உணவு. அவர்கள் அதை மறைப்பதும் இல்லை. நகரத்தில் சீட்டு ஒட்டும்போதுதான் அது அகிம்சை ஆகிறது. இதற்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி. ஓட்டைக் கூட்டை உட்கார்ந்து நூற்கிறவளுக்கு என்ன கூலி? எந்தச் சீட்டிலும் அது இல்லை.

பட்டைத் துறக்கச் சொன்ன துறவிகளும் பெரியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அவர்களும் பெண்களின் ஆசையைப் பார்த்துத்தான் பேசினார்கள். வேட்டி அங்கவஸ்திரத்தைவிடச் சேலைதான் பாவமாகத் தெரிந்தது. துறந்தால் கை சுத்தமாகிவிடும் என்பது அதன் உள்ளே இருக்கும் நம்பிக்கை. எனக்கு அப்படி ஒரு சுத்தமான கை வாய்க்கவில்லை. என் பட்டப்படிப்பே அந்தத் தொட்டியிலிருந்து வந்தது. எத்தனை லட்சம் கூடுகள், அம்மாவின் எத்தனை தோல்கள் என்று கணக்கில்லை. நான் பட்டு கட்டாமல் இருப்பதால் அந்தக் கணக்கு தீராது.

இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இவ்வளவுதான். புழுவும் அம்மாவின் விரலும் ஒன்றோடொன்று போட்டியிடவில்லை. ஒரே தொட்டியில், ஒரே காரணத்துக்காகத்தான் இரண்டும் வெந்தன. நூல் அறாமல் வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும், மலிவாக வர வேண்டும். இந்த மூன்றுக்கும் குறுக்கே நிற்கிற உடம்பு எதுவானாலும் அது கணக்கில் வராது. ஒன்றின் மீது இரக்கம் வந்தால் மற்றொன்றின் மீது குறைய வேண்டிய அவசியம் இல்லை. இரக்கம் ரேஷன் அரிசி அல்ல.

ஆனால் இரண்டும் சமம் என்றும் நான் சொல்லமாட்டேன். கொட்டகைகள் நாளைக்கே மூடினால் பிழைப்புக்கு வழி தேட வேண்டியவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள். அவர்களால் பேச முடியும். கூலி கேட்க முடியும், சங்கம் சேர முடியும், கையை நீட்டிக் காட்ட முடியும். புழுவால் முடியாது. பேச முடிந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது கேட்பது. பேச முடியாததற்குச் செய்ய வேண்டியது, குறைந்தபட்சம், தேவையில்லாமல் கொல்லாதிருப்பது. ஒருநாள் கட்டி மடித்து இருபது வருடம் பீரோவில் வைக்கும் சேலை தேவையா என்ற கேள்வியை மகள் எனக்கு விட்டிருக்கிறாள். என்னிடம் அப்படி ஆறு இருக்கின்றன.

திருமணத்துக்கு அவள் கைத்தறிப் பருத்திச் சேலை எடுத்தாள். உறவினர்கள் ஜாடைமாடையாகப் பேசினார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. எதிர்பாராத ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது. "எனக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் குடுங்க. முப்பது வருஷம் நூல் எடுத்தேன், ஒருநாள் கட்டுனதில்ல." மகள் என்ன சொல்வாளோ என்று பார்த்தேன். "நானே கூட வர்றேன் ஆயா" என்றாள்.

கடையில் விற்பனையாளர் சேலையை விரித்தார். ஜரிகை எவ்வளவு, எடை எவ்வளவு என்று விளக்கினார். அசல் பட்டு என்பதற்குச் சில்க் மார்க் சீட்டு இருப்பதைக் காட்டினார். "இந்த நூலை எடுத்தது யாருங்க?" என்று மகள் கேட்டாள். அவருக்குக் கேள்வி புரியவில்லை. நெசவாளரைக் கேட்கிறாள் என்று நினைத்து ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அம்மா அதையெல்லாம் கவனிக்கவில்லை. முந்தானையை விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வெந்த கூடு" என்றாள். "முனை சுலபமா கிடைச்சிருக்கும்."